ஆற்றுப்பக்கம் திருப்பிய ஸ்பீக்கர்

நாவற்குடாவில் என் தங்கை ஜனின் வாழ்க்கைப்பட்ட வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பின்னேர வெயில் இன்னும் முற்றத்தில் கிடந்தது. ஓட்டோவில் என் மடியில் இரண்டு பெட்டிகள் இருந்தன. இரண்டிலும் வயர் இல்லாத ஸ்பீக்கர்கள். மழையில் நனைந்தாலும் பழுதாகாதவை. நான் வேலை செய்யும் கடையிலேயே பார்த்து எடுத்தவை. வீட்டுக்கு வெளியே வைத்துக் கேட்க வேண்டும், சத்தம் தூரம் போக வேண்டும் என்று மட்டும்தான் ஜனின் போனில் சொல்லியிருந்தாள்.

கேட்டபோது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. அந்த வீட்டில் பாட்டு நின்று வெகுநாள். என் மச்சான் ட்றெவர் இருந்த காலத்தில் முற்றத்தில் கிற்றார் சத்தம் இல்லாத ஞாயிறு கிடையாது. ஒருநாள் பொழுதுபடத் தோணியில் றால் பிடிக்கப் போனவன் திரும்பி வரவில்லை. தோணி எதிர்க்கரைக் கண்டல் மரங்களுக்குள் செருகிக் கிடந்தது. வலை இருந்தது, விளக்கு இருந்தது. அவனுடைய தாய் கட்டிக் கொடுத்த சோற்றுப் பார்சல் அவிழ்க்கப்படாமல் அப்படியே இருந்தது. சுழியோடிகள் மூழ்கித் தேடிப் பார்த்துவிட்டு ஏறிவிட்டார்கள். முதலை என்றார்கள் சிலர். நீரோட்டம் என்றார்கள் சிலர். உடம்பு கிடைக்காதபடியால் அடக்கம் இல்லை. செத்தவீட்டுப் பூசை வைக்கலாம் என்று பங்குச் சுவாமி சொன்னதற்கு ட்றெவரின் தாய் வேரா அன்ரி அவருக்கு முன்னாலேயே கதவைச் சாத்தினாராம்.

மட்டக்களப்பு வாவி என்று புத்தகத்தில் எழுதுவோம். கடலோடு கலந்த உப்புத்தண்ணீர்தான், ஆனாலும் வாயால் சொல்லும்போது எல்லோருக்கும் அது ஆறுதான். அந்த வீட்டின் பின்முற்றம் சரிந்துபோய் ஆற்றில் முடிகிறது.

ட்றெவரின் தகப்பன் ஹோரேஸ் அங்கிள் முற்றத்தில் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பலகையைச் சீவிக்கொண்டிருந்தார். தச்சு வேலை அவருடைய பரம்பரைத் தொழில். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். தனக்கும் தெரியாது என்பதுபோலத் தலையை ஆட்டினார். மரச் சுருள்கள் அவருடைய கால்களை மூடியிருந்தன. பலகையில் சீவுவதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை.

உள்ளே மேசையில் ஒரு சாப்பாட்டுப் பீங்கான் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அதைத் தள்ளி வைக்கக் கையை நீட்டினேன். ஜனின் தடுத்தாள்.

"அது அவருடையது அண்ணா. அதத் தொட்டா அன்ரி சாப்பிடமாட்டா."

ட்றெவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. சாப்பிட்டு முடிந்ததும் தன்னுடைய பீங்கானைத் தானே கழுவி, அதே இடத்தில் கவிழ்த்து வைப்பான். கவிழ்ந்திருந்தால் பிள்ளை சாப்பிட்டுவிட்டான் என்று தாய்க்குத் தெரியும். நிமிர்ந்திருந்தால் அவன் பசியோடு இருக்கிறான். அவன் தோணியில் போன நாளிலிருந்து பீங்கான் நிமிர்ந்தே இருக்கிறது.

அப்போது வேரா அன்ரி அறையிலிருந்து வந்தார். கழுத்தில் துணி சுற்றியிருந்தது. என்னைக் கண்டதும் வாயைத் திறந்தார்.

காற்று மட்டுமே வந்தது.

குசினி அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஜனின் விஷயத்தைச் சொன்னாள். ஆற்றங்கரையில் ஒரு வழக்கம் இருக்கிறது. பொழுதுபட்ட பிறகு தண்ணீரில் நிற்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கரையில் நிற்பவர் 'கூ' என்று நீளமாகக் குரல் கொடுப்பார். தோணியில் இருப்பவர் திருப்பிக் 'கூ' கொடுப்பார். கால் மண்ணில் பட்ட பிறகுதான் பெயர். வேரா அன்ரி ஒவ்வொரு பொழுதும் கரையில் நின்று மகனுக்குக் கூ கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஊர் விளக்கு வைத்து, ஊர் சாப்பிட்டு, கதவு சாத்தும்வரையும். கடைசியில் தொண்டையில் இரத்தம் வந்தது. இனிக் கிசுகிசுக்கவும் கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். குரல் போய்விட்டது. ஆனால் அவர் போவது நிற்கவில்லை. கரையில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடுவாராம்.

"அதப் பாக்க ஏலாது அண்ணா," என்றாள் ஜனின். "மீன் கரையில கிடந்து வாயத் திறக்குமே, அதப்போல."

அதனால்தான் ஸ்பீக்கர். அன்ரியின் பழைய குரல் ஜனினுடைய போனில் ஒரேயொரு இடத்தில் இருந்தது. போன நத்தார்ப் பண்டிகைக்கு முற்றத்தில் ட்றெவர் கிற்றார் வாசிப்பதை அவள் வீடியோ எடுத்திருக்கிறாள். நடுவில் குசினிக்குள்ளிருந்து தாய் கூப்பிடுகிறார். கணீரென்ற குரல்.

'ட்றெவர்... வா மனே. சாப்பிட வா.'

அந்தத் துண்டை மட்டும் வெட்டித் திரும்பத் திரும்பப் போட்டால் அன்ரி வீட்டுக்குள் இருக்கலாம், தொண்டை ஆறும் என்பது என் தங்கையின் எண்ணம். அதில் பெயர் இருக்கிறதே என்று அவளே ஒருமுறை யோசித்திருக்கிறாள். வேரா அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டு, டொக்டரின் சொல்லை மீறி, காதோடு காதாகச் சொன்னார்.

"அது வாய் இல்ல மனே. மெசின். மெசினுக்கு என்ன வழக்கம்?"

அவருடைய மூச்சில் மருந்தும் இரத்தமும் மணத்தன. நான் பெட்டிகளைப் பிரித்தேன்.

வேலை இலேசானது. ஒன்றை வாசல் தூணில் கட்டினேன். மற்றதைத் தண்ணீர் ஓரமாக நிற்கும் ஜம்பு மரத்தில், கை எட்டுமட்டும் உயரத்தில், முகம் ஆற்றுப்பக்கம் திரும்பும்படி கட்டினேன். இடையில் சுவர் வந்தால் தொடர்பு அறுந்துபோகும். அதனால் போனை ஜன்னல் விளிம்பில் வைத்தேன். இரண்டையும் ஒரே சோடியாகச் சேர்த்தேன். எது எதுவென்று தெரிவதற்காகப் போனில் ஒன்றுக்கு 'வாசல்' என்றும் மற்றதற்கு 'ஆறு' என்றும் பெயர் போட்டேன். சத்தம் தண்ணீரில் வழுக்கிக்கொண்டு போகும். வீட்டுக்குள் மெதுவாகக் கேட்பது எதிர்க்கரையில் துலக்கமாகக் கேட்கும்.

சோதிப்பதற்காக ஜனினைக் கரையில் நிற்கச் சொன்னேன். பொழுது மங்கிக்கொண்டு வந்தது. சரி, போதும் என்று வாசலில் நின்று அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் கையை அசைத்துவிட்டு வந்தாள்.

அந்த நேரம் பக்கத்து வளவு சீனித்தம்பி அண்ணன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வேலிக்கு அப்பால் நின்றார். ட்றெவரைத் தேடி அலைந்தவர்களில் கடைசியாகத் தோணியைக் கரையில் ஏற்றியவர் அவர்.

"என்ன தம்பி, கடையில விக்காம கிடந்ததுகளயா தங்கச்சிட தலையில கட்டுற? றால் எல்லாம் ஆடப் போகுதா இண்டைக்கு?"

நானும் சிரித்தேன். பிறகு போனைத் தொட்டேன்.

ஜம்பு மரத்திலிருந்து வேரா அன்ரியின் குரல் எழுந்து தண்ணீருக்கு மேலே போனது.

'ட்றெவர்... வா மனே. சாப்பிட வா.'

சீனித்தம்பி அண்ணனின் முகத்தில் சிரிப்பு நின்றது. வலையை மெல்ல நிலத்தில் வைத்தார். நிப்பாட்டு என்று சைகை காட்டினார். நான் அன்ரியைப் பார்த்தேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்து, கண்களை மூடி, தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டிருந்தார். கன்னத்தில் நீர் வழிந்தது. அத்தனை நாளைக்குப் பிறகு அவர் ஓரிடத்தில் உட்கார்ந்ததை அன்றுதான் கண்டதாக ஜனின் சொன்னாள். நான் நிப்பாட்டவில்லை.

"பேரக் குடுத்திட்டிங்க," என்றார் சீனித்தம்பி அண்ணன். "அந்தப் பொடியன் மட்டுமா அதுக்குள்ள கேட்டுக்கொண்டு இரிக்கான்?"

வலையைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் போனார். அன்றைக்கு அவர் தொழிலுக்குப் போகவில்லை.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. குரல் போகும், அடங்கும், மறுபடி போகும். கொக்குகள் கண்டலில் அடைந்தன. சேற்று மணம் ஏறியது. நன்றாக இருட்டும் முன் போதும் என்று போனில் நிறுத்தினேன். மரத்தில் ஸ்பீக்கரின் நீல வெளிச்சம் அணைந்தது.

அமைதி.

பிறகு நடு ஆற்றிலிருந்து, மெல்ல, 'சாப்பிட வா.'

எதிரொலி என்றேன் ஜனினிடம். எதிர்க்கரை மரங்களில் பட்டுத் திரும்புவது என்றேன். அவளும் தலையை ஆட்டினாள். குரல் நின்று இவ்வளவு நேரம் பிந்தியா எதிரொலி வரும் என்று இருவருமே கேட்கவில்லை. ஹோரேஸ் அங்கிள் மட்டும் கையிலிருந்த சீவுளியை வைத்துவிட்டு, முதல்தடவையாக ஆற்றுப்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த நாள் நான் போக நினைத்திருந்தேன். ஜனினையும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். காலையில் கேட்டேன். அன்ரியை இப்படி விட்டுவிட்டு எப்படி வருவது என்றாள். அவளுடைய கண்ணுக்குக் கீழே கருவளையம். கையில் வளையல்கள் தளர்ந்து முழங்கைவரை ஓடின. ட்றெவருடைய சேட் ஒன்று இன்னும் துவைக்காமல் கொடியில் கிடந்தது. அவள் அதைக் கடந்து போகும்போதெல்லாம் முகத்தை அதில் ஒருமுறை ஒற்றிக்கொண்டாள். அவளை அந்த வீட்டில் விட்டால் எனக்குத் தங்கை இல்லை என்று அப்போதே மனதுக்குள் பட்டது. இன்னும் ஒரு பொழுது பார்த்துவிட்டுக் கையோடு கூட்டிப் போவோம் என்று நின்றேன்.

பொழுதுபட்டது. வேரா அன்ரி என் அருகில் வந்து, கண்ணால் போனைக் காட்டினார். இன்றைக்கு வேண்டாம் அன்ரி என்றேன். அவர் இரண்டு கைகளையும் கூப்பினார். அறுபது வயது தாண்டிய மனுஷி என்னைப் பார்த்துக் கும்பிட்டதைத் தாங்க முடியாமல் போனைக் கையில் எடுத்தேன்.

நான் இன்னும் தொடவில்லை.

'ட்றெவர்... வா மனே.'

போன் கறுப்பாக இருந்தது. வாசல் தூணில் வெளிச்சம் இல்லை. ஜம்பு மரத்தில் வெளிச்சம் இல்லை.

'சாப்பிட வா.'

மரத்துக்கு அப்பாலிருந்து வந்தது. தண்ணீரின் மேலிருந்து. நேற்றைய தூரத்தில் இல்லை.

வேரா அன்ரியைப் பார்த்தேன். அவருடைய வாய் மூடியிருந்தது. இரண்டு கைகளாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார், யாரோ அதற்குள்ளிருந்து எதையோ எடுப்பதுபோல.

குரல் நின்றது. தண்ணீர் ஒரு தடவை களக்கென்றது. பிறகு அதே குரல், அதே கணீர், அந்த வீடியோவில் இல்லாத ஒன்றைச் சொன்னது.

'ஜனின்... வா புள்ள. சாப்பிட வா.'

என் தங்கை குசினியில் இருந்தாள் என்றுதான் நினைத்திருந்தேன். பின்கதவு திறந்து கிடந்தது. அவள் கரையைத் தாண்டியிருந்தாள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. அவள் ஓடவில்லை. மாமியார் கூப்பிட்டால் மருமகள் போகும் சாதாரண நடை. பாவாடை பின்னால் மிதந்துகொண்டு போனது.

வேரா அன்ரி பாய்ந்து ஓடினார். படியில் விழுந்தார், எழும்பினார். கரையில் நின்று முழு உடம்பாலும் கத்தினார்.

காற்று.

அவருடைய குரல் அவருக்கு முன்னால், தண்ணீரில் நின்று, அவருடைய மருமகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

இடுப்புக்கு வந்துவிட்டது தண்ணீர். நான் ஓடியபடியே அவளுடைய பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். மரத்தூள் மணக்கும் ஒரு கை வந்து என் வாயைப் பொத்தியது. ஹோரேஸ் அங்கிள். மகன் போனதிலிருந்து ஒரு சொல் பேசாத மனுஷன். என்னை அப்படியே பின்னால் இழுத்துவிட்டு, தண்ணீரில் இறங்கி, தலையை உயர்த்திக் கூ கொடுத்தார்.

அது நீண்டது. அவருடைய வயதுக்கு மேலே நீண்டது. முடியும் இடத்தில் பக்கத்து வளவில் சீனித்தம்பி அண்ணன் அதை எடுத்தார். அதற்கு அப்பால் இன்னொரு வீடு. அதற்கும் அப்பால் ஒரு பெண் குரல். கரை முழுவதும் யார் யாருக்கோ என்று தெரியாமலே கூ கொடுத்தது.

ஜனின் நின்றாள்.

திரும்பினாள். தூக்கத்தில் எழுப்பப்பட்டவள்போல எங்களைப் பார்த்தாள். பிறகு, மெல்லியதாக, குழந்தை மாதிரி, பதிலுக்குக் கூ என்றாள்.

இறங்கி அவளைத் தூக்கிக்கொண்டு வந்தோம். மண்ணில் கால் பட்ட பிறகுதான் அங்கிள் அவளுடைய பெயரைச் சொன்னார். அவள் என் நெஞ்சில் பல் கிடுகிடுக்கச் சொன்னாள்:

"அன்ரி அங்க நிண்டா அண்ணா. தண்ணிக்கு மேல. கையில பீங்கான் இரிந்திச்சி. பக்கத்தில அவரும்... அவர் முகத்தக் காட்டல்ல. அவருக்குப் பசி எண்டு மட்டும் தெரிஞ்சிச்சி."

வேரா அன்ரி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தில் நான் பயத்தை எதிர்பார்த்தேன். அது பயமில்லை.

ஜம்பு மரத்திலிருந்து ஸ்பீக்கரை அறுத்து எடுத்தேன். அது கனத்தது. சரித்தபோது உள்ளேயிருந்து தண்ணீர் ஊற்றியது, நிற்காமல் ஊற்றியது. அந்தச் சிறிய பெட்டி கொள்ளக்கூடியதைவிட அதிகம். உப்பும் சேறும் மணத்தது. இரண்டு நாளாக ஒரு துளி மழை இல்லை.

பிறகு ஜனினையும் அன்ரியையும் புளியந்தீவில் எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். அங்கிள் வரவில்லை. பொடியன் வந்தால் கரையில் ஒராள் வேண்டாமா என்றார். பலகையைச் சீவுவதை விட்டுவிட்டார். ஒவ்வொரு பொழுதும் முறைப்படி கூ கொடுப்பார். பதில் வராவிட்டாலும் கொடுப்பார்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு சட்டம் உண்டு. விளக்கு வைத்த பிறகு யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அறைக்கு அறை கூ கொடுக்கிறோம். ஒழுங்கையில் போகிறவர்கள் சிரிக்கிறார்கள். பரவாயில்லை. பாட்டும் போடுவதில்லை. ஜனின் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறாள். அவள் தேறிவிடுவாள் என்றுதான் நம்பினேன்.

ஆனால் மட்டக்களப்பு நகரத்தில் இருப்பவருக்கு ஒன்று தெரியும். எந்தத் தெருவின் முடிவிலும் ஆறுதான்.

நேற்றுப் பொழுதுபட அங்கிள் எனக்குப் போன் எடுத்தார். அவருடைய குரல் இலேசாக இருந்தது.

"இஞ்ச இப்ப ஒண்டுமில்ல மனே. சத்தமே இல்ல. போயிட்டுது போல."

போனை வைத்தேன். ஜனின் என் பக்கத்தில் இருந்தாள். வேரா அன்ரி மேசைக்கு முன்னால் இருந்தார். தன் வீட்டிலிருந்து அவர் கொண்டுவந்த ஒரேயொரு பொருள் அந்தப் பீங்கான். அதில் சோறு போட்டு, மேலே றால் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார். தனக்கு என்று நினைத்தேன். அவர் பீங்கானைத் தூக்கிக்கொண்டு முன்கதவுக்குப் போனார்.

அப்போதுதான் கேட்டது. ஒழுங்கை முடிவில், தண்ணீர் தொடங்கும் இடத்தில்.

'ஜனின்... வா புள்ள.'

ஜனின் என் கையை நகம் பதியப் பிடித்தாள். பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. குரல் ஓய்ந்தது. அதற்குப் பதிலாக இன்னொரு குரல், ஆணின் குரல், ஈரமானது, கதவுக்கு நேரே வெளியே.

'வந்திட்டன் மம்மி.'

பாய்ந்து போய்க் கதவில் முதுகைக் கொடுத்து நின்றேன். வேரா அன்ரி என் முகத்தைப் பார்த்தார். ஒரு கையில் பீங்கான். மற்றக் கையால் என்னைத் தள்ளவில்லை, என் கன்னத்தைத் தடவினார். பிறகு அந்த ஒன்றுமில்லாத தொண்டையால், காற்றால், சொன்னார்.

"அது என்ட மகன் இல்லாம இரிக்கலாம். எனக்குத் தெரியாதா? ஆனா பசியோட நிக்குதே மனே."

அவருடைய கண்களை என்னால் பார்க்க முடியவில்லை. நான் விலகவில்லை என்பதை மட்டும் இங்கே எழுத வேண்டும். கதவு திறக்கப்படவில்லை. அவரைக் கட்டிப்பிடித்துக் கட்டிலில் இருத்தினோம். ஜனின் அவருடைய கைகளைப் பிடித்துக்கொண்டாள். பீங்கானை நானே வாங்கி, சோற்றோடு, மேசையின் நடுவில் வைத்தேன். நிமிர்த்தித்தான் வைத்தேன். கதவையும் ஜன்னல்களையும் நானே பூட்டினேன். விடியும்வரை மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருந்தோம்.

காலையில் கதவுப் பூட்டு அப்படியே இருந்தது. ஜன்னல் கொக்கிகள் அப்படியே இருந்தன.

மேசையில், நான் வைத்த அதே இடத்தில், பீங்கான் கவிழ்ந்திருந்தது.

கழுவி, கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் விளிம்பைச் சுற்றி மரத்தில் ஒரு வட்டம் நனைந்திருந்தது. தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

உப்பு.